இரண்டு வினாடித் தயக்கம்: கியர்ப்பெட்டியின் கோளாறை முன்கூட்டியே அறிவது எப்படி?

காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரம். வீட்டுக் காரை முடுக்கி, கியரை ‘டி’க்கு மாற்றுகிறார்கள். கார் உடனே நகரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிக்கும்போது ஒரு சிறு குலுக்கலோடு முன்னே செல்கிறது. “பழைய கார், அப்படித்தான் இருக்கும்” என்று யாராவது சொல்வார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உண்மையில் அந்த இரண்டு வினாடி ஓர் அறிகுறி. காய்ச்சல் வருவதற்கு முன் உடம்பு வலிப்பதைப் போன்றது. அப்போதே கவனித்தால் சில நூறு வெள்ளியில் வேலை முடிந்துவிடக்கூடும். கவனிக்காமல் விட்டால், சில மாதங்கள் கழித்துக் கார் நெடுஞ்சாலையின் நடுவில் நின்றுபோகலாம். கியர்ப்பெட்டியை முழுவதும் பிரித்துச் சரிசெய்யப் பல ஆயிரம் வெள்ளி செலவாகும். இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் போதும்.

கியர் எதற்கு?

ஒரு சிறிய காரின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் கார் ஏறத்தாழ 1.84 மீட்டர் நகரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அந்தச் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 900 முறை சுழல்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 90 முறைதான் சுழலும். ஆனால் இஞ்சினோ, கார் நின்றுகொண்டிருக்கும்போதே நிமிடத்திற்கு 700, 800 முறை சுழல வேண்டும். அதற்கும் கீழே போனால் அணைந்துவிடும். ஆகவே இஞ்சினையும் சக்கரத்தையும் நேராக இணைக்க முடியாது.

இடையில் இருந்து இந்தக் கணக்கைச் சரிசெய்வதுதான் கியர்ப்பெட்டி. 12 பற்கள் கொண்ட சிறிய சக்கரம் 36 பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தைச் சுழற்றினால், வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதே நேரத்தில், உராய்வு இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், முறுக்குவிசை மூன்று மடங்காகும். கார் நகரத் தொடங்கவும் மேடு ஏறவும் முறுக்குவிசை வேண்டும். சமதளத்தில் விரையச் சுழற்சி வேகம் வேண்டும். மிதிவண்டியில் மேடு ஏறும்போது கியரை மாற்றிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

எண்ணெய்க்கு நான்கு வேலைகள்

கையால் கியர் மாற்றும் காரில் ஓட்டுநர் கிளட்ச்சை மிதித்து இஞ்சினைப் பிரிக்கிறார். தானியங்கி காரில் கிளட்ச் மிதியே இல்லை. அங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் எண்ணெயே செய்கிறது.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்று மற்றதையும் மெல்லச் சுழற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்தால், அதுதான் ‘டார்க் கன்வெர்ட்டர்’ என்ற உறுப்பின் அடிப்படை. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் இதை உருவாக்கியது காருக்காக அல்ல, கப்பலுக்காக. இன்று நம் நாட்டில் விற்பனையாகும் புதிய கார்களில் பெரும்பாலானவை தானியங்கி கியர் கொண்டவை. அவற்றில் பலவற்றில் இந்த எண்ணெய் இணைப்பு இருக்கிறது.

இதற்கு அடுத்து வருவது கோள் பல்சக்கரத் தொகுதி. நடுவில் ‘சூரியன்’, அதைச் சுற்றிச் சில ‘கோள்கள்’, அவற்றைச் சூழ்ந்து ஒரு வளையம். சூரியனுக்கு 30 பற்கள், வளையத்திற்கு 60 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தை அசையாமல் பிடித்துக்கொண்டால், சூரியன் 3 முறை சுழலும்போது கோள்களைத் தாங்கும் சட்டம் 1 முறை சுழலும். வேறோர் உறுப்பைப் பிடித்தால் வேறு விகிதம் கிடைக்கும். எந்த உறுப்பை எப்போது பிடிப்பது என்பதுதான் தானியங்கி கியரின் சூட்சுமம்.

அப்படிப் பிடிப்பவை மெல்லிய கிளட்ச் தகடுகள். அவற்றை அழுத்துவது எண்ணெய். பாஸ்கல் கோட்பாட்டைப் படித்தவர்கள் இதை எளிதில் கணக்கிடலாம். எண்ணெயின் அழுத்தம் 10 பார், அதாவது 10 லட்சம் பாஸ்கல். அது 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அழுத்தினால் கிடைக்கும் விசை 10,000 நியூட்டன். ஒரு சிறிய காரையே தகடுகளின்மேல் தூக்கி வைத்தது போன்ற அழுத்தம் அது. எண்ணெய் அழுத்தம் பாதியாகக் குறைந்தால் பிடியும் பாதியாகிவிடும்.

ஆக, இந்த எண்ணெய் விசையைக் கடத்துகிறது, தகடுகளை அழுத்துகிறது, பற்களுக்கு வழவழப்புத் தருகிறது, உள்ளே உண்டாகும் வெப்பத்தையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. எண்ணெய் கெட்டால் நான்கும் ஒன்றாகக் கெடும்.

வெப்பம்தான் முதல் எதிரி

டார்க் கன்வெர்ட்டர் தனக்கு வரும் ஆற்றல் முழுவதையும் கடத்துவதில்லை. 20 கிலோவாட் ஆற்றல் வந்து, அதில் 85 விழுக்காடு மட்டுமே மறுபக்கம் போய்ச் சேர்கிறது என்று கொள்வோம். மீதி 3 கிலோவாட் வெப்பமாகிறது. 2 கிலோவாட் மின்கெண்டி ஒன்றரை ஓயாமல் கொதிப்பதற்குச் சமம் இது. நெரிசலில் நின்று நின்று நகரும்போது இந்த இழப்பு இன்னும் கூடும். வெளியிலோ 33 டிகிரி வெயில்.

கியர்ப்பெட்டி எண்ணெய் பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நன்றாக வேலை செய்யும். வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொதுவிதியை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் ஒரு வேதிவினைதான். வழக்கத்தைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், எண்ணெய் நான்கு மடங்கு வேகமாகக் கெடும்.

இங்கேதான் ஆபத்தான சுழல் தொடங்குகிறது. சூட்டில் எண்ணெய் கெடுகிறது. ரப்பர் அடைப்பான்கள் இறுகி வெடிக்கின்றன. அவற்றின் வழியே எண்ணெய் கசிந்து அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தகடுகள் வழுக்குகின்றன. வழுக்கினால் உராய்வு, உராய்ந்தால் மேலும் வெப்பம். அந்த வெப்பம் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கெடுக்கிறது. கியர்ப்பெட்டிகள் ஒரே நாளில் சாவதில்லை. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சாகின்றன. சுழலைத் தொடக்கத்திலேயே அறுப்பதற்குத்தான் அறிகுறிகளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அறிகுறிகள் என்ன சொல்கின்றன?

தயக்கம்: ‘டி’ அல்லது ‘ஆர்’ போட்டபின் பிடிப்பு கிடைக்கப் பொதுவாக ஒரு வினாடியை ஒட்டிய நேரம் ஆகும். அதைவிட நன்றாகத் தாமதமானால், எண்ணெயின் அளவு குறைந்திருக்கலாம், அல்லது அடைப்பான்கள் இறுகி அழுத்தம் உருவாகத் தாமதமாகலாம்.

வழுக்கல்: எண்ணெய் மிதியை அழுத்தும்போது இஞ்சின் உறுமுகிறது, சுழற்சிமானியின் முள் ஏறுகிறது, ஆனால் காரின் வேகம் அதற்கேற்பக் கூடவில்லை. தகடுகள் பிடிக்காமல் உராய்கின்றன என்று பொருள். இந்த நிலையில் ஓட்ட ஓட்டச் சேதம் கூடும்.

அதிர்வு: சீராக ஓட்டும்போது, வரிவரியாக மேடு போட்ட சாலையில் செல்வதுபோல் சில நொடிகள் அதிர்கிறது. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் பிடித்துப் பிடித்து விடுவதால் இப்படி நேரலாம். பல நேரங்களில் பழைய எண்ணெயே இதற்குக் காரணம்.

தரையில் சொட்டு: காலையில் கார் நின்ற இடத்தில் சிவப்பு அல்லது பழுப்பு நிறக் கறை இருக்கிறதா? குளிர்சாதனத்திலிருந்து வடியும் தண்ணீருக்கு நிறமும் கிடையாது, பிசுபிசுப்பும் கிடையாது. பிசுபிசுப்பாக இருந்தால் அது கவனிக்க வேண்டிய கசிவு.

கையால் கியர் மாற்றும் காரிலும் அறிகுறிகள் உண்டு. மேட்டில் இஞ்சின் உறுமியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. கிளட்ச்சை முழுவதும் மிதித்தும் கியர் ‘கறக்’ என்று உரசினால், கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை, அல்லது சுழற்சி வேகங்களைச் சமன்செய்யும் பித்தளை வளையங்கள் தேய்ந்துவிட்டன.

எண்ணெய் என்னும் சாட்சி

மருத்துவருக்கு இரத்தப் பரிசோதனை எப்படியோ, மெக்கானிக்குக் கியர் எண்ணெய் அப்படி. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்ப்பார்கள். தானியங்கி கியர் எண்ணெய் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். வேறு நிற எண்ணெய்களும் உண்டு. பயன்படுத்தப் பயன்படுத்த நிறம் மங்குவது இயல்பு. நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கருத்த நிறத்தோடு கருகிய வாடையும் அடித்தால், தகடுகள் எரிந்து தேய்கின்றன என்று பொருள்.

எண்ணெய் ரோஸ் நிறத்தில், சிராப் பண்டோங் பானம் போலக் கலங்கியிருந்தால் அது அபாயம். எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. சில கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய், ரேடியேட்டருக்குள்ளேயே அமைந்திருக்கும். அதில் விரிசல் விழுந்தால் இரண்டும் கலந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய காரிலும் இது நேரும். ஏனெனில் கியர்ப்பெட்டிக்குக் காற்றுப்போக்குத் துளை ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் வட்டாரத்தில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய காரை உடனே முடுக்கிப் பார்ப்பது தவறு. இஞ்சினோடு கியர் எண்ணெயையும் சோதிக்க வேண்டும். தகடுகளின் உராய்வுப் பரப்பு காகித இழை போன்ற பொருளால் ஆனது. தண்ணீர் பட்டால் ஊறி உரிந்துவரும்.

எண்ணெய்த் தட்டின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரல்களுக்கு இடையே உருளும் அளவுக்கு உலோகத் துண்டுகள் இருந்தால், பல்சக்கரமோ தாங்கியோ உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத கறுப்புத் துகள்கள் பெரும்பாலும் தகட்டின் உராய்வுப் பொருள்.

ஓர் எச்சரிக்கை: எண்ணெய் கொதிக்கும் சூட்டில் இருக்கலாம். பெரியவர்கள் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் புகக்கூடாது.

கியர்ப்பெட்டிதான் குற்றவாளியா?

நல்ல மெக்கானிக்கும் நல்ல அறிவியலாளரும் ஒரே வழியில்தான் சிந்திக்கிறார்கள். முதலில் தோன்றிய காரணத்தை நம்பிவிடுவதில்லை. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குகிறார்கள். கியர்ப்பெட்டிக் கோளாறு போலத் தோன்றும் பல, வேறு இடத்துக் கோளாறுகள்.

கார் நிற்கும்போதே, ‘பி’யிலும் இரைச்சல் கேட்டு, இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால், கோளாறு இஞ்சின் பக்கத்திலோ கியர்ப்பெட்டியின் எண்ணெய்ப் பம்பிலோ இருக்கலாம். கார் ஓடும்போது மட்டும் கேட்டு, வளைவுகளில் சத்தம் மாறினால், சக்கரத் தாங்கியைச் சந்தேகிக்க வேண்டும். முழுவதும் திருப்பி ஓட்டும்போது ‘டக் டக்’ என்றால், அது முன்சக்கர அச்சின் மூட்டு. ‘டி’ போடும்போது ‘டொம்’ என்ற அதிர்ச்சி இருந்தால், இஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம். அதை மாற்றும் செலவு கியர்ப்பெட்டியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இந்த வேறுபாடு தெரியாமல் கியர்ப்பெட்டியைப் பிரித்தால் பணமும் போகும், கோளாறும் தீராது.

கார்க் கணினியும் இதே சிந்தனையைப் பின்பற்றுகிறது. கியர்ப்பெட்டியின் நுழைவாயில் ஒன்றிலும் வெளிவாயில் ஒன்றிலும் வேக உணரிகள் இருக்கும். ஒரு கியரின் விகிதம் 1.5 என்றால், உள்ளே 3,000 சுழற்சி வரும்போது வெளியே 2,000 இருக்க வேண்டும். 1,800தான் இருக்கிறது என்றால், எங்கோ வழுக்குகிறது. உடனே கணினி ஒரு குறியீட்டைப் பதிவுசெய்து விளக்கை எரியவிடும். பி0730 என்றால் கியர் விகிதம் தவறு. பி0218 என்றால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. சில நேரங்களில் மேலும் சேதமாகாமலிருக்கக் கணினி காரை ஒரே கியரில் நிறுத்திவைக்கும். இந்தக் குறியீடு எந்த இடத்தில் தேட வேண்டும் என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

வருமுன் காக்க

முதல் விதி, சரியான எண்ணெய். 2021இல் வெளிவந்த பெரோடுவா அத்திவாவில் இருப்பது பட்டையும் பல்சக்கரமும் சேர்ந்த சிவிடி வகை. புரோட்டோன் எக்ஸ்50இல் இருப்பது இரட்டைக் கிளட்ச் வகை. ஒவ்வொன்றின் எண்ணெயும் வேறு. எண்ணெய் வழவழப்பாக இருந்தால் மட்டும் போதாது. தகடும் பட்டையும் பிடிக்கும் அளவுக்கு உராய்வையும் அது அனுமதிக்க வேண்டும். எது மலிவோ அதை ஊற்றுவது, ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதைப் போன்றது.

இரண்டாவது, சரியான அளவும் சரியான காலமும். எண்ணெய் சூட்டில் விரியும். ஆகவே கையேட்டில் குறித்த வெப்பநிலையில்தான் அளவைப் பார்க்க வேண்டும். இன்றைய பல கார்களில் அளவுகோல் குச்சி கிடையாது. பட்டறையில்தான் பார்க்க முடியும். எப்போது மாற்றுவது என்பதும் கையேட்டில் இருக்கும். பல கையேடுகளில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனி அட்டவணையே உண்டு. கடும் வெப்பமும் ஓயாத நெரிசலும் மலைப்பாதையும் அதில் அடங்கும். கோலாலம்பூர் நெரிசலில் தினமும் ஓடும் கார் எந்த அட்டவணைக்குள் வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, ஓட்டும் பழக்கம். கார் முழுவதும் நின்ற பிறகே ‘ஆர்’இலிருந்து ‘டி’க்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் காரை நிறுத்தும் பிரேக் வேலை கிளட்ச் தகடுகளின் தலையில் விழும். சரிவில் நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக், பிறகு ‘பி’. ‘பி’யில் காரைப் பிடிப்பது பல்சக்கரத்தில் மாட்டும் ஒரு சிறு உலோக நாக்கு மட்டுமே. கார் பழுதாகி நின்றால், இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. பெரும்பாலான தானியங்கி கார்களில் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவது இஞ்சின்தான். இஞ்சின் அணைந்திருக்கும்போது உள்ளே பற்கள் எண்ணெயின்றி உராயும்.

மலையிறக்கத்தில் உயிர்க்காவல்

கெந்திங் மலையிலிருந்து இறங்கும் சாலையில் ‘குனா கியர் ரெண்டா’ என்று ஓர் அறிவிப்பு இருக்கும். தாழ்ந்த கியரைப் பயன்படுத்தச் சொல்கிறது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆட்களோடு 1,200 கிலோகிராம் உள்ள ஒரு கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் நிலை ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது. ‘என்’ போட்டு இறங்கினால் அதில் பெரும்பகுதியைப் பிரேக்குகளே வெப்பமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிச் சூடான பிரேக், மிதித்தாலும் பிடிக்காது. தாழ்ந்த கியரில் இறங்கினால், சக்கரங்கள் இஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் இஞ்சினே காரைப் பிடித்து நிறுத்த உதவும்.

‘என்’ போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்பதும் தவறு. இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால், கணினி எரிபொருளை நிறுத்திவிடும். ‘என்’இல் தான் அணையாமலிருக்க இஞ்சின் பெட்ரோலை எரித்துக்கொண்டே இருக்கும். தாழ்ந்த கியர் பிடிக்க வேண்டிய அந்த நேரத்தில் அது பிடிக்க வேண்டுமென்றால், கியர்ப்பெட்டி நலமாக இருக்க வேண்டும். கியர்ப்பெட்டிப் பராமரிப்பு பணத்தை மட்டுமல்ல, உயிரையும் காக்கும்.

செய்து பாருங்கள்

அடுத்த முறை குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது, ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் முள்களைப் பார்க்கட்டும்.

சமதளத்தில், சீரான வேகத்தில், உச்ச கியரில் கார் ஓடும்போது, மணிக்கு 80, 90, 100, 110 கிலோமீட்டரில் சுழற்சிமானி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கியரில் இருக்கும்வரை இரண்டும் நேர்விகிதத்தில் இருக்கும். 100இல் 2,500 என்றால் 80இல் 2,000 இருக்க வேண்டும். வரைதாளில் புள்ளிகளைக் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். சிவிடி கார்களில் விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் கோடு நேராக வராது. அது ஏன் என்று யோசிப்பதும் நல்ல பயிற்சி.

தேதியையும் காரின் மொத்த ஓட்டத்தையும் எழுதிக் கையேட்டோடு வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். அதே வேகத்தில், அதே கியரில் இஞ்சின் இப்போது கூடுதலாகச் சுழல்கிறதா? அப்படியென்றால் அந்தத் தாளைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். “கார் என்னமோ போல இருக்கிறது” என்று சொல்வதைவிட, இரண்டு வரிசை எண்கள் மெக்கானிக்குக் கூடுதலாக உதவும்.